ஏலும், ஏலாது, சமாளிக்கிறன்

யாராவது கொடுப்பனவுத் திணைக்களத்தின் பழுப்பு உறையொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தால், எத்தனை புள்ளி என்று நான் முதலில் பார்ப்பதில்லை. திகதியைப் பார்ப்பேன். கடிதத்தின் தலையில் அச்சிட்ட திகதி. தபால்காரர் கதவுக்குள்ளால் போட்ட நாள் அல்ல. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்டுவிட வேண்டும். எங்கள் வாயில் அது எம்.ஆர். 2014இல் ஒரு அண்ணையின் கடிதத்தை, அது அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணிவிட்டேன். நான்கு நாள் பிந்திப்போனது. பிந்தினாலும் தக்க காரணம் காட்டினால் 13 மாதம் வரை ஏற்க இடமுண்டு. ‘பிழை விண்ணப்பித்தவருடையது அல்ல, கணக்கை விட்டது நான்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பதில் வரும்வரை அந்த அண்ணையின் முகத்தை நேரே பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது திகதியைச் சிவப்புப் பேனையால் சுற்றி, கடைசி நாளைச் சுவர்க் கலண்டரில் குறித்த பிறகுதான் கதிரையில் இருக்கிறேன். இந்த வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

லண்டனின் கிழக்குப் பக்கத்தில் கொடுப்பனவு ஆலோசகராக இருக்கிறேன். பதினான்கு வருஷமாகிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். அவர்கள் கொண்டுவரும் உறைகளில் பாரமானது ‘பிப்’, அதாவது பெர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட். 2013இல் பழைய உடற்குறைக் கொடுப்பனவான டி.எல்.ஏ.க்குப் பதிலாக வந்தது. ஸ்காட்லாந்தில் இப்போது வேறு கொடுப்பனவு, வேறு நடைமுறை. நான் சொல்வது இங்கிலாந்துக்கு. உழைப்பையோ வங்கிக் கணக்கையோ பார்த்து இதைக் கொடுப்பதில்லை. நோயின் பெயரைப் பார்த்தும் கொடுப்பதில்லை. சட்டம் பன்னிரண்டு காரியங்களை வைத்திருக்கிறது. சமையல், சாப்பாடு, மருந்து, குளிப்பு, கழிப்பறை, உடுப்பு, பேச்சு, வாசிப்பு, ஆட்களோடு பழகுதல், காசு விஷயம் என்று நாளாந்த வாழ்க்கைக்குப் பத்து. வழி தெரிந்து போதல், நடத்தல் என்று நடமாட்டத்துக்கு இரண்டு. ஒவ்வொரு காரியத்துக்கும், எவ்வளவு ஏலும் என்று படிப்படியாக விவரிக்கும் வரிகள், டிஸ்கிரிப்டர்கள். ஒவ்வொரு டிஸ்கிரிப்டருக்கும் இத்தனை புள்ளி என்று கணக்கு. பத்திலும் சேர்ந்து 8 வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் கூடிய வீதம். நடமாட்டத்துக்குத் தனியாக அதே கணக்கு. 2025 ஏப்ரலில் நாளாந்தப் பகுதிக்கு வாரத்துக்குச் சாதாரண வீதம் 73.90 பவுண், கூடிய வீதம் 110.40 பவுண் என்று இருந்தது.

நான் கூடுதலாக எழுதியது ஃபைப்ரோமயால்ஜியாக்காரரின் வழக்குகள். உடம்பெங்கும் வருஷக்கணக்காய் நிற்கும் நோ, எவ்வளவு படுத்தாலும் தீராத களைப்பு, நினைப்பில் ஒரு மூட்டம். எக்ஸ்ரேயில் விழாது, இரத்தத்தில் தெரியாது. 1990இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர்களின் அமைப்பு உடம்பில் 18 இடங்களைக் குறித்து, அமத்தும்போது 11 இடத்திலாவது நொந்தால் இதுதான் நோய் என்று ஒரு முறை வைத்தது. 2010இல் அதை விட்டு, எங்கெங்கே நோகிறது, நித்திரை எப்படி, களைப்பு எப்படி என்று கேட்டு எழுதும் முறைக்கு வந்தார்கள். ஆகவே வைத்தியருக்கே ஆதாரம் நோயாளியின் வாய்தான். மறுப்புக் கடிதங்களும் நோய் இல்லை என்று சொல்வதில்லை. நோய் இருப்பதை ஏற்றுக்கொண்டு, ஆனாலும் இன்னின்ன காரியம் உங்களுக்கு ஏலும் என்று எழுதுகின்றன. ஏலும் என்பதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தேடிப் போனால், பல தடவை அது நம்மவர் வாயிலிருந்தே வந்திருக்கும்.

2022இல் வந்த ஒரு அக்காவை வைத்துச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். சுப்பர்மார்க்கெட்டில் தட்டு அடுக்கும் வேலையை நோவால் விட்டவர். பன்னிரண்டு காரியத்திலும் பூச்சியம். ‘பிள்ளை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லையாம்’ என்று கடிதத்தை நீட்டினார். தொலைபேசியில் அவரை மதிப்பீடு செய்தவரின் அறிக்கையைக் கேட்டு எடுப்பித்தோம். திணைக்களத்தை அழைத்துக் கேட்டால் அனுப்புவார்கள். அதைப் படிக்காமல் எம்.ஆர். எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு ஊசி கோர்ப்பது போல. சமையல் என்ற பகுதியில், தான் சமாளிப்பதாகச் சொன்னார் என்று ஒரு வரி. குளிப்பிலும் அதே. உடுப்பிலும் அதே.

‘அக்கா, சமையலைப் பற்றிக் கேட்கேக்க என்ன சொன்னீங்கள்?’

‘சமாளிக்கிறன் எண்டு சொன்னன்.’

‘எப்பிடிச் சமாளிக்கிறீங்கள்?’

‘மகள் வெட்டித் தருவாள். நான் கதிரையில இருந்து கிளறுவன். சட்டி இறக்கிறது அவள்தான். அவள் இல்லாட்டிப் பாண்தான்.’

இந்தப் பதிலில் நான்கு புள்ளி இருக்கிறது. காய் வெட்டவோ அடுப்பில் வைத்து இறக்கவோ இன்னொருவரின் கை வேண்டும் என்றால் அந்த டிஸ்கிரிப்டருக்கு 4. ‘சமாளிக்கிறன்’ என்ற ஒற்றைச் சொல்லில் அது பூச்சியமாகிவிட்டது. ஊரில் இது மரியாதையான சொல். இடம்பெயர்ந்து, பதுங்குகுழியில் பிள்ளை வளர்த்து, கடன்பட்டு இங்கே வந்த ஒரு பெண், யார் எப்படி என்று கேட்டாலும் சமாளிக்கிறன் என்றுதான் சொல்லுவாள். தன் ஏலாமையை அந்நியரிடம் விரித்து வைப்பதை அவள் வெட்கம் என்று நினைக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குள் யார் யார் கை இருக்கிறது, எத்தனை தரம் இருந்து எழும்பியிருக்கிறாள், பிறகு எத்தனை மணி நேரம் படுத்திருக்கிறாள் என்பதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பதுதான் எங்கள் தொழில். மிச்சமெல்லாம் தபால் வேலை.

இதை எனக்குப் பழக்கியவர் ஒரு பெரியவர். வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிற்சங்கத்துக்காக, தூசு படிந்து நுரையீரல் கெட்டவர்களின் இழப்பீட்டு வழக்குகளை எழுதிப் பழகியவர். லண்டனுக்கு வந்து எங்கள் நிலையத்தில் இருந்தார். மேசையில் எப்போதும் ஒரு பென்சில், ஒரு அழிறப்பர், சைல்ட் பாவர்ட்டி ஆக்‌ஷன் குரூப் வருஷாவருஷம் போடும் தடித்த கொடுப்பனவுக் கைந்நூல். நான் எழுதிய முதலாவது எம்.ஆர். கடிதம் நான்கு பக்கம். மதிப்பீடு செய்த தாதி ஈவிரக்கமற்றவர், கேட்ட கேள்வி தப்பு, குரல் கடுமை என்று கொட்டியிருந்தேன். அவர் முழுவதையும் பொறுமையாக வாசித்தார். பிறகு பென்சிலால் ஒவ்வொரு பந்தியாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் மூன்று வரி மிஞ்சியது: காலையில் காலுறை போட மகன் குனிகிறான் என்பது, குளியல் தொட்டிக்குள் இறங்க மனைவியின் தோளைப் பிடிக்கிறார் என்பது, மாதத்தில் இத்தனை நாள் என்பது. ‘தீர்மானிக்கப்போவது அந்தத் தாதியைப் பற்றி அல்ல, இந்த மனிதரின் காலுறையைப் பற்றி’ என்றார். எனக்கு அழுகை வந்தது. மறுநாள் மூன்று வரியையும் முப்பது வரியாக்கிக் கொண்டுபோனேன். எல்லாம் காலுறை, தொட்டி, நாள்.

அவர் என்னை மனப்பாடம் செய்ய வைத்தது ஒன்றே ஒன்று. 2013இன் பிப் விதிகளில் நான்காவது விதி. ஒரு காரியம் ஒருவருக்கு ஏலும் என்று சொல்ல, நான்கும் பொருந்த வேண்டும். ஆபத்தில்லாமல் செய்ய வேண்டும்; செய்யும்போது மட்டுமல்ல, செய்து முடித்த பிறகும் தீங்கு வரக்கூடாது. ஏற்கத்தக்க தரத்தில் செய்ய வேண்டும். தேவைப்படும் போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அந்தக் குறை இல்லாத ஒருவர் எடுக்கும் ஆகக்கூடிய நேரத்தின் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. நாட்பட்ட நோக்காரரின் வழக்கு முழுவதும் இந்த நான்குக்குள்தான் கிடக்கிறது. அவர்களில் பலருக்கு ஒரு தரம் ஏலும், இரண்டாம் தரம் ஏலாது. இன்றைக்கு ஏலும், அதற்கு நாளைக்கு விலை கொடுக்க வேண்டும். விதியே அதைக் கேட்கச் சொல்கிறது. கேட்காமல் விடும் இடத்தில்தான் நாங்கள் விரலை வைக்க வேண்டும். நோவோடு பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பது ஏற்கத்தக்க தரமா என்ற கேள்வியில், நோவையும் அதன் கடுமையையும் நின்று நின்று போக வேண்டியிருப்பதையும் பார்க்க வேண்டும் என்று 2016இல், சட்டப் பிழைகளைப் பார்க்கும் மேல் தீர்ப்பாயமும் சொல்லிவிட்டது.

சமையலுக்கு நான் வந்தே ஆகவேண்டும், ஏனென்றால் என் மிகப்பெரிய பிழை அங்கேதான். தொடக்கத்தில் ஒரு அம்மாவுக்கு, ‘சமைக்கவே ஏலாது’ என்று எழுதினேன். இரக்கத்தில் எழுதினேன். மேன்முறையீட்டை விசாரித்த தீர்ப்பாயக் குழுவிலிருந்த வைத்தியர் மிக அன்பாக, காலையில் யார் எழும்புவது, பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார். ‘நான்தான் முட்டை பொரிச்சுக் குடுக்கிறனான்’ என்றார் அம்மா, பெருமையாக. அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மைகளையும் அவர்கள் நம்பத் தயங்கியது எனக்குத் தெரிந்தது. தோற்றோம். அவர் சொல்லாததை நான் சொன்னதால் தோற்றோம். ஒரு நூல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

அன்றிலிருந்து நான் ‘சமைக்க ஏலுமா?’ என்று கேட்பதில்லை. ‘நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கள்? வெங்காயம் உரிச்சது ஆர்?’ என்று கேட்கிறேன். சட்டம் கேட்பது விருந்துச் சமையலை அல்ல. புதிய காய்கறியில், ஒருவருக்கு, ஒரு கறி. குனிந்து அடுப்புக்குள் வைப்பதைக்கூடக் கேட்பதில்லை, இடுப்பு மட்டத்துக்கு மேலேதான். நம் பெண்கள் ‘இடியப்பம் பிழிய ஏலாது’ என்று கண் கலங்குவார்கள். இடியப்பத்துக்குப் புள்ளி இல்லை. ஆனால் உரலைப் பிழிய ஏலாத கை, கரட் வெட்டும்போது என்ன செய்கிறது என்று அங்கிருந்து மெல்லக் கேட்டுப் போகலாம். அப்படியே ‘வீடு கூட்ட ஏலாது, உடுப்புத் தோய்க்க ஏலாது, கடைக்குப் போக ஏலாது’ என்பார்கள். இவற்றுக்கும் பிப்பில் புள்ளி கிடையாது. தலை இழுப்பதற்கும் இல்லை. தலை முழுகுவதற்கு உண்டு: தலையோ இடுப்புக்குக் கீழோ கழுவ இன்னொருவரின் கை வேண்டுமென்றால் 2, தொட்டிக்குள் இறங்கி ஏற வேண்டுமென்றால் 3. குளிப்பு என்பதற்குள், எந்த மாற்றமும் செய்யாத சாதாரணத் தொட்டியில் இறங்கி ஏறுவதும் அடங்கும் என்பதைப் புதிதாக வருகிற பிள்ளைகள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

நாள் கணக்கு இன்னொரு சிக்கல். இந்த நோயில் நல்ல நாளும் உண்டு. ஒரு டிஸ்கிரிப்டர் பாதி நாட்களுக்கு மேல் பொருந்த வேண்டும்; அதுவும் மூன்று மாதமாக இருந்து, இன்னும் ஒன்பது மாதம் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டால் ‘எந்த நாளும்தான்’ என்பார்கள். அதை அப்படியே எழுதினால், சிரித்துக்கொண்டு கோயில் திருவிழாவில் நின்ற ஒரு நாள் போதும், எல்லாம் கலைந்துவிடும். அக்காவின் வீட்டுச் சுவரில் தமிழ்க் கடையில் கொடுத்த நாட்காட்டி தொங்கியது. அதிலேயே குறிக்கச் சொன்னேன். வெட்டினது மகள் என்றால் ‘ம’. குளிக்காத நாளுக்கு ஒரு கோடு. படுக்கையிலே கிடந்த நாளுக்கு வட்டம். நான்கு கிழமை. பெரிய நோ நாட்குறிப்பு எழுதச் சொன்னால் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள். விரல் நொந்தவரிடம் பக்கம் பக்கமாக எழுது என்று கேட்பதே கொடுமை. 28 நாளில் 19 நாள் ‘ம’. அதைவிட முக்கியமானதொன்று அந்தத் தாளில் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை உற்சாகமாக எழும்பித் தானே சமைத்து, குசினியும் துடைத்திருக்கிறார். ஞாயிறும் திங்களும் வட்டம். கேட்டால் அந்தச் சனியை ‘நல்ல நாள்’ என்றார். செய்து முடித்த பிறகும் தீங்கு வரக்கூடாது என்ற விதிக்கு அந்த மூன்று கட்டங்களைவிட நல்ல சாட்சி வேறு இருக்க முடியாது.

காலையில் மட்டும் உடம்பு மரக்கட்டையாய்க் கிடந்து மத்தியானத்துக்குப் பிறகு இளகுகிறவர்கள் உண்டு. பகுதி நாள்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நாளில் அற்பமென்று தள்ள முடியாத ஒரு பகுதிக்குக் காரியம் தடைப்பட்டால் அந்த நாள் கணக்கில் வரும் என்று 2015இல் மேல் தீர்ப்பாயத் தீர்ப்பு இருக்கிறது.

நடையை வாயால் அளக்காதீர்கள். படிவத்தில் 20 மீட்டர், 50 மீட்டர், 200 மீட்டர் என்று இருக்கும். நம் ஆட்களுக்கு மீட்டரில் நடந்து பழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றில் அடையாளம் போடுவார்கள். பெரியவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டுபோய், நிறுத்தியிருந்த இரண்டு அடுக்குப் பஸ் இரண்டைக் காட்டினார். ஒன்றின் பின்னால் ஒன்று நின்றால் ஏறக்குறைய 20 மீட்டர். இப்போது நான் வருகிறவரோடு வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நடந்துபோகிறேன். எங்கே நின்றார், எதைப் பிடித்தார், எவ்வளவு நேரம் நின்று மூச்சு எடுத்தார் என்று குறித்துக்கொள்வேன். பிறகு நாடா பிடித்து அளப்பேன். அந்த நடையில் அவர்கள் என்னோடு கதைத்துக்கொண்டே வருவார்கள், கதை எந்த இடத்தில் அறுகிறதோ அங்கேதான் நோ கூடுகிறது.

மறுப்பு அறிக்கைகளில் அடிக்கடி வரும் இன்னொரு காரணம்: கடும் வலிநிவாரணி எடுக்கவில்லை, நிபுணரிடம் போகவில்லை, ஆகவே நோ அவ்வளவு கடுமையில்லை. அக்காவுக்கும் இது எழுதப்பட்டிருந்தது. அவருடைய குடும்ப வைத்தியரான ஜீபீயோ கோடீனைக் குறைத்து நிறுத்தியிருந்தார். ஏன் என்று கேளுங்கள். 2021 ஏப்ரலில் நைஸ் என்ற தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பு, வேறு நோயால் விளக்க முடியாத நாட்பட்ட நோவுக்குப் பரசிட்டமோலையோ இபுபுரோஃபன் வகையையோ ஓபியொயிட்டுகளையோ கபபென்டின் வகையையோ தொடங்க வேண்டாம் என்று வைத்தியர்களுக்குச் சொன்னது. உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, அக்குபங்சர், மனச்சோர்வு மருந்துகளில் சில, இவைதான் அது காட்டும் வழி. அதாவது மருந்துச்சீட்டு மெலிந்திருப்பது நோ மெலிந்ததற்கு அடையாளமல்ல. வைத்தியர் நாட்டின் வழிகாட்டுதலைப் பின்பற்றியிருக்கிறார். இதை எம்.ஆர். கடிதத்தில் இரண்டு வரியில், சண்டை பிடிக்காமல் எழுதினேன்.

ஜீபீயிடம் கடிதம் கேட்கிற விதமும் ஒரு கைப்பழக்கம். ‘இவருக்கு ஃபைப்ரோமயால்ஜியா உண்டு, உதவி செய்யவும்’ என்ற கடிதத்துக்கு எத்தனையோ பேர் காசு கட்டியிருக்கிறார்கள். அதனால் ஒன்றும் நடக்காது. நோய் இருப்பதை யாரும் மறுக்கவில்லையே. நான் அரைப் பக்கத்தில் நான்கு கேள்வி எழுதிக் கொடுத்துவிடுவேன். கைப்பிடி பலம் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, கோடீனை ஏன் நிறுத்தினீர்கள், இப்படியான வகையில். வைத்தியருக்கும் நேரம் மிச்சம். அவர் காணாததை அவரிடம் கேட்கக் கூடாது. குளியலறையைக் காண்பவள் மகள். அவள் எழுதட்டும், பள்ளிக்கூட ஆங்கிலத்தில், அவள் எழுதுகிறபடியே. நான் திருத்தினால் என் மொழி வந்துவிடும்.

மொழி என்றதும் நினைவு வருகிறது. நோவுக்கு நம்மிடம் எத்தனை சொல்! உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, இழுவை. எல்லாம் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரே சொல்லாகிவிடும். அதற்காக நான் கவலைப்படுவதில்லை, உளைவுக்கும் குத்துக்கும் தனித்தனிப் புள்ளி இல்லை. ஆனால் ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும்: விறைப்பு. கை விறைக்கிறது என்று அக்கா சொன்னதை மதிப்பீட்டின்போது மொழிபெயர்த்தவர், கை மடங்காமல் இறுகியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதுவும் பொருள்தான். அக்கா சொன்னது மரத்துப்போவதை. முன்கையைத் திருப்பிக் காட்டினார். தாச்சி சுட்ட தழும்பு இரண்டு. சுட்டது தெரியவில்லை, தோல் கருகின மணம் வந்துதான் பார்த்தாராம். இறுக்கம் என்றால் மெதுவாகச் செய்யலாம் என்பார்கள். மரத்துப்போனால் அது ஆபத்து. நான்காவது விதியின் முதலாவது நிபந்தனைக்குள் வந்துவிடுகிறது. ஆபத்து பாதி நாளுக்கு மேல் நடந்தே தீர வேண்டும் என்றில்லை, எவ்வளவு பாரதூரமானது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2017இல் மேல் தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். தழும்பைப் படமெடுத்து வைத்தோம். மேன்முறையீட்டுப் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் இடத்தில் வெறும் தமிழ் என்று விடாமல் இலங்கைத் தமிழ் என்று எழுதப் பழகியது அதற்குப் பிறகுதான். மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

எம்.ஆரில் ஒன்றும் மாறவில்லை. பெரும்பாலும் மாறுவதில்லை. மனிதர்கள் களைத்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அந்தப் பதிலின் திகதியிலிருந்து இன்னொரு மாதம். இப்போது போக வேண்டியது கொடுப்பனவுத் திணைக்களத்துக்கு அல்ல, அதற்கு வெளியே இருக்கும் தீர்ப்பாயத்துக்கு. பிப் விசாரணைகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் விண்ணப்பித்தவர் பக்கம் திரும்புவதைச் சில வருஷங்களாகவே நீதி அமைச்சின் கணக்குகள் காட்டி வந்திருக்கின்றன. அதைச் சொல்லித்தான் அக்காவை இருத்தினேன். காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் விசாரணையை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆள் போய் இருக்க வேண்டும். ஏற்கெனவே கொஞ்சம் புள்ளி கிடைத்தவர் என்றால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: தீர்ப்பாயம் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். இதை ஒளித்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது பாவம். அக்காவிடம் இழக்க ஒன்றும் இருக்கவில்லை.

திணைக்களம் அனுப்பிய வழக்குக் காகிதக் கட்டு, நாங்கள் பண்டில் என்பது, இருநூறு பக்கத்துக்குக் கிட்ட. இரவு இருந்து பக்க எண் போட்டு, எது எங்கே என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். குழுவில் மூன்று பேர்: நீதிபதி, ஒரு வைத்தியர், உடற்குறையோடு வாழ்வதை அறிந்த ஒருவர். அவர்கள் பார்ப்பது முதல் முடிவு எழுதப்பட்ட நாளில் நிலைமை எப்படி என்பதை. இன்றைக்கு நோ கூடிவிட்டது என்றால் அது வேறு விண்ணப்பம். அக்காவிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான். அந்த வருஷம் சித்திரையை நினைச்சுக்கொண்டு கதையுங்கோ. மகள் ஏஎல் சோதனைக்குப் படிச்சுக்கொண்டிருந்த நேரம். திகதி நினைவில் நிற்காதவருக்கு அப்படியொரு அடையாளம் கட்டிவிட வேண்டும்.

நீதிபதி சிக்கலில்லாமல் தொடங்கினார். இன்று எப்படி வந்தீர்கள், யாரோடு வந்தீர்கள். பிறகு வைத்தியர். மாடிப்படி எப்படி என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே அக்காவின் வாய் திறந்தது. எனக்குத் தெரியும், அந்தச் சொல்தான் வரப்போகிறது. ‘சமா...’ என்றவர் நின்றார். மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘ஆறு படிக்கு ஒருக்கா இருப்பன்’ என்றார். ‘கையால கம்பியைப் பிடிச்சு இழுக்கேலாது, முழங்கையை மேல வைச்சு உந்துவன். மகள் பின்னால நிப்பாள். மேல போனா உடன கட்டில். குளிப்பு அண்டைக்கு இல்லை.’ மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாகச் சொல்ல, வைத்தியர் எழுதிக்கொண்டே இருந்தார். பேனை நிற்கும்வரை ஒருவரும் பேசவில்லை. நான் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவர் என்னைப் பார்த்து நிறுத்திவிடுவார்.

சமையலுக்கு 4, தொட்டிக்குள் இறங்கி ஏற 3, இடுப்புக்குக் கீழே உடுக்க 2, கழிப்பறையில் கைப்பிடிக் கம்பிக்கு 2. மொத்தம் 11, சாதாரண வீதம். நடைக்கு 4தான் கிடைத்தது, அதற்குக் காசு வராது. நடையை அவர்கள் ஏன் அப்படி எடுத்தார்கள் என்று எழுத்தில் காரணம் கேட்கலாம், அதற்கும் ஒரு மாதம், சட்டப் பிழை இருந்தால் மேல் தீர்ப்பாயம் இருக்கிறது என்று சொன்னேன். அக்கா வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை, வழக்கு அவருடையது. மூன்று வருஷத்தில் மீளாய்வுப் படிவம் வரும் என்றதும், சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த அந்த நாட்காட்டியைப் பையிலிருந்து எடுத்து, இதையும் ஃபைலில் வையுங்கோ பிள்ளை என்று தந்தார். பண்டிலின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் அதை வைத்துக் கட்டினேன். அடுத்த வருஷத்துக்கான நாட்காட்டி அந்தத் தமிழ்க் கடையில் மார்கழிக் கடைசியில்தான் வரும். வந்ததும் ஒன்று வாங்கி வைக்கச் சொன்னேன்.